கவலை ஏற்றம் முதல் சப்மெர்சிபிள் வரை

(மெக்கானிக்கல் பிரிவு, 2007–2011 அணி)

போன மாதம் மலர்க் குழுவில் இருந்து ஒரு சீனியர் அண்ணா போன் செய்தார். "தம்பி, ஹாஸ்டல் நினைவு, மெஸ் சாம்பார், லேப்ல வாங்கின திட்டு, எது வேணும்னாலும் எழுதிக் குடு. நாலு பக்கத்துக்குள்ள இருந்தாச் சரி" என்றார். ஹாஸ்டல் கதைகளை என்னைவிட நன்றாகச் சொல்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. அதனால், "அண்ணா, நம்ம காலேஜ் ஏன் இந்த ஊர்ல இருக்குதுன்னு எழுதட்டுங்களா?" என்று கேட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "எழுது. ஆனா ஹிஸ்டரி கிளாஸ் மாதிரி தூங்க வெச்சுடாதே" என்றார். முயற்சி செய்கிறேன். தூக்கம் வந்தால் அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடுங்கள். அங்கே குரூப் போட்டோ இருக்கும்.

இந்தக் கேள்வியை எனக்குள் போட்டவர் நம் ஒர்க் ஷாப் பேராசிரியர். முதலாண்டு, லேத் முன்னால் நீலக் கோட்டோடு வரிசையாக நிற்கிறோம். அவர் கேட்டார்: "இந்த ஊர்ல கடல் கிடையாது, துறைமுகம் கிடையாது. நிலக்கரி, இரும்புத் தாது கிடையாது. பெரிய ஆறும் கிடையாது. அப்புறம் எப்படிடா இத்தனை மில்லு, இத்தனை பட்டறை?" நான் முந்திக்கொண்டு, "சிறுவாணித் தண்ணி நல்லா இருக்குங்க சார்" என்றேன். வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "தண்ணி இருந்ததால இல்லடா, தண்ணி இல்லாததாலதான்" என்று சொல்லிவிட்டு லேத்தை ஓடவிட்டார்.

அந்த ஒரு வரி புரிய எனக்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆயிற்று.

தண்ணீர் இல்லாத பூமி

கோவையும் அதன் கிழக்குப் பக்கமும் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கின்றன. ஆண்டுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 600 முதல் 700 மில்லிமீட்டர் மழைதான். நொய்யலை நம்பி எவ்வளவு பேர் பிழைக்க முடியும்? காவிரிக் கரைபோல வாய்க்காலைத் திறந்தால் வயல் நனையும் பாக்கியம் இங்கே இல்லை. எனவே கிணறு தோண்டினார்கள். பாறையை உடைத்து 40 அடி, 50 அடி.

கிணறு என்பது சாதாரண விஷயம் இல்லை. பல வருடச் சேமிப்பையும், அது போதாமல் கடனையும் குழிக்குள் போட வேண்டும். தண்ணீர் வருமா, வராதா, தெரியாது. வந்தால் பிழைத்தோம், வராவிட்டால் பக்கத்திலேயே இன்னொரு குழி. இன்றைக்கு நாம் 'ரிஸ்க் எடுக்கிறது' என்று சொல்கிறோமே, அதைக் கொங்கு விவசாயி தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தார். தொழில் முனைவோர் பயிற்சி முகாம் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை.

தோண்டிய கிணற்றில் இருந்து தண்ணீர் இறைக்கக் கவலை ஏற்றம். ஒரு ஜோடி மாடு சரிவில் இறங்கும்போது கயிறு இழுபட்டு, தோல் பை நிறையத் தண்ணீர் மேலே வந்து வாய்க்காலில் கொட்டும். பிறகு மாடுகள் பின்னாலேயே நடந்து மேட்டுக்கு ஏறும். விடியற்காலை 4 மணிக்கு ஆரம்பித்தால் வெயில் ஏறும்வரை இதேதான். "பேரே கவலை. அப்புறம் சந்தோசம் எங்கிருந்து வரும்?" என்று எங்கள் அப்புச்சி சொல்லிச் சிரிப்பார். பதினாறு வயதில் இருந்து அவர் கவலை ஓட்டியவர். இவ்வளவு பாடுபட்டு இறைத்த தண்ணீரைச் சோளத்துக்கும் கம்புக்கும் மட்டும் பாய்ச்சினால் கட்டுபடி ஆகாது. காசு தரும் பயிர் வேண்டும். அந்தப் பயிர் பருத்தி.

பஞ்சு வந்த பாதை

1860-களில் சென்னையில் இருந்து மேற்குக் கடற்கரைக்குப் போன ரயில் பாதை போத்தனூர் வழியாகச் சென்றது. பஞ்சும் நூலும் போக வர வழி கிடைத்தது. 1862-ல் இங்கே பள்ளிக்கூடம் ஆரம்பித்த ராபர்ட் ஸ்டேன்ஸ், 1888-ல் கோயமுத்தூர் ஸ்பின்னிங் அண்ட் வீவிங் மில்லைத் தொடங்கினார். ஊர்க்காரர்களுக்கு அது ஸ்டேன்ஸ் மில். முதல் பெரிய பஞ்சாலை ஒரு ஆங்கிலேயருடையது. ஆனால் அதற்குப் பின்னால் வந்தவை பெரும்பாலும் இந்த மண்ணின் பருத்தி விவசாயிகளும் பஞ்சு வியாபாரிகளும் ஆரம்பித்தவை. லட்சுமி மில்ஸ் 1910-ல் வந்தது. முதலில் பருத்தி விளைச்சல், பிறகு பஞ்சு அரைக்கும் ஜின்னிங் பாக்டரி, பிறகு நூற்பாலை என்று ஒவ்வொரு படியாக ஏறினார்கள்.

இதில் கம்போடியா பருத்திக்குப் பெரிய பங்கு உண்டு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்துக்குள் வந்த ரகம் அது. நம் நாட்டுப் பருத்தியைவிட இழை நீளம். ஆனால் நீர் பாய்ச்ச வேண்டும். கிணறு வைத்திருந்த கோவை விவசாயிக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. அதே காலத்தில், 1906-ல், சைதாப்பேட்டையில் இருந்த வேளாண் கல்லூரி கோவைக்கு வந்தது. நல்ல விதையைத் தேர்ந்தெடுக்கும் ஆராய்ச்சியும் தோட்டமும் சைக்கிளில் போகும் தூரத்தில் அமைந்தன. ஒண்டிப்புதூர் பக்கம் போகிறவர்கள் கம்போடியா மில் என்ற பெயரைப் பார்த்து, எங்கேயோ இருக்கும் நாட்டின் பெயர் இங்கே எதற்கு என்று யோசித்திருப்பீர்கள். அது இந்தப் பருத்தியின் பெயர்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஈரக் காற்றையும் சொல்லியாக வேண்டும். காற்றில் ஈரம் குறைந்தால் நூல் அறுந்துபோகும். கணவாய்க் காற்று கொஞ்சம் உதவியது. ஆனால் காற்று மட்டும் மில் கட்டாது. கட்டியது விவசாயி கையில் இருந்த பணம்.

மலையில் இருந்து வந்த கரண்ட்

இந்தக் கதையில் நான் மறக்காத வருடம் 1932. நீலகிரியில் பைகாரா நீர்மின் நிலையம் அந்த வருடம் ஓடத் தொடங்கியது. ஏறக்குறைய 3000 அடி உயரத்தில் இருந்து குழாய் வழியாக இறங்கும் தண்ணீர் டர்பைனைச் சுழற்றியது. அந்த மின்சாரம் கம்பி வழியாகக் கோவைக்கு வந்தது. அதுவரைக்கும் மில் ஓட வேண்டுமானால் நீராவி எஞ்சின் வேண்டும். எஞ்சினுக்கு நிலக்கரி எங்கோ தொலைவில் இருந்து வர வேண்டும். நிலக்கரி இல்லாத ஊர் என்ற குறை ஒரே அடியில் போயிற்று.

வேடிக்கை என்னவென்றால், அது உலகமே பொருளாதார மந்தத்தில் கிடந்த நேரம். ஆனால் கோவையிலோ அந்தப் பத்தாண்டில்தான் மில்கள் வரிசையாக முளைத்தன. விளைபொருள் விலை விழுந்ததால் நிலத்தில் பணம் போட யாருக்கும் மனசில்லை. அந்தப் பணம் மில் பங்குகளுக்கு வந்தது. மலிவாகக் கரண்ட் கிடைத்தது, கூலிக்கு ஆள் கிடைத்தார்கள். மற்றவர்களுக்குக் கெட்ட காலம் கோவைக்கு நல்ல காலமாக அமைந்தது.

கூலி என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போய்விடக் கூடாது. அந்த மில்களில் நீண்ட வேலை நேரமும் குறைந்த சம்பளமும் இருந்தன, போராட்டங்களும் நடந்தன. 1946 ஜனவரி 8-ஆம் தேதி கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையம் தியாகிகள் நால்வரும் மில் தொழிலாளர்கள். ஊர் வளர்ந்த கணக்கை எழுதும்போது இந்தப் பக்கத்தையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

ரிப்பேரில் பிறந்த தொழில்

இனி நம் மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல்காரர்களுக்கான பகுதி. ஆரம்ப கால மில் இயந்திரங்கள் எல்லாம் இங்கிலாந்தில் இருந்து கப்பலில் வந்தவை. ஒரு பல்சக்கரம் உடைந்தால் புதுசு வருவதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதுவரை மில்லை நிறுத்த முடியுமா? அதனால் மில்லுக்குப் பக்கத்திலேயே ரிப்பேர் பட்டறைகள் வந்தன. உடைந்ததை ஒட்டவைத்தவர், அடுத்த முறை அதைப் பார்த்து இன்னொன்று வார்த்தார். அதற்கடுத்த முறை அது ஏன் உடைந்தது என்று யோசித்து, கொஞ்சம் தடிமனாக வார்த்தார். ரிப்பேர், நகல், திருத்தம், புதுசு: இந்த நான்கு படிகளில் ஏறித்தான் கோவை இன்ஜினியரிங் வளர்ந்தது. நகல் எடுப்பதைக் கேவலமாக நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நகலோடு நின்றுவிட்டால்தான் கேவலம்.

பைகாரா கரண்ட் வந்ததும் இந்தப் பட்டறைகளுக்கு இரட்டை யோகம். மில்லுக்கு மோட்டார் வேண்டும், கிணற்றுக்குப் பம்பு வேண்டும். தண்டாயுதபாணி பவுண்டரி போன்ற இடங்களிலும், பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்டிலும் பம்புகள் உருவாயின. பொள்ளாச்சி–பழனி ரோட்டில் 1920-ல் பஸ் ஓட்டத் தொடங்கிய ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரமும் சேர்ந்து 1937-ல் மின் மோட்டார் செய்தார்கள். இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மோட்டார் என்று அதைச் சொல்வது வழக்கம். பாலசுந்தரம் பிறகு டெக்ஸ்டூல் நிறுவனத்தை ஆரம்பித்து மில் இயந்திரங்களையே இங்கே செய்தார். 1939 முதல் 1945 வரை உலகப் போர் நடந்தபோது கப்பல் சரக்கு தடைபட, உள்ளூர்ப் பட்டறைகள் கை ஓங்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடும் கிராமங்களுக்கு மின்சாரம் என்ற திட்டமும் அந்தக் கையை மேலும் உயர்த்தின. 1962-ல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் சுவிட்சர்லாந்தின் ரீட்டர் நிறுவனத்தோடு தொழில்நுட்பக் கூட்டு வைத்துக்கொண்டு வந்தது. எழுபது வருடத்துக்கு முன்னால் கப்பலில் மெஷின் வரவழைத்த ஊர், தானே மெஷின் செய்து மற்றவர்களுக்கு அனுப்பத் தொடங்கியது.

எங்கள் அப்புச்சி கிணற்றுக்கு 1960-களில் 5 எச்.பி. மோட்டார் வந்தது. முதல் நாள் சுவிட்சைப் போட்டபோது அக்கம்பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் எல்லாம் வேடிக்கை பார்க்க வந்தார்களாம். "ரெண்டு ஜோடி மாடு நாள் பூராவும் எறைக்கறத இது ஒரு மணி நேரத்துல எறைச்சுப் போடுச்சு சாமி" என்று அவர் சொல்லும்போது குரலில் அந்த ஆச்சரியம் அப்படியே இருக்கும். மாடுகளை என்ன செய்தீர்கள் என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

இங்கேதான் பேராசிரியரின் வரி எனக்குப் புரிந்தது. தண்ணீர் இல்லாததால் கிணறு. கிணறு இருந்ததால் பருத்தி. பருத்தி இருந்ததால் மில். மில் இருந்ததால் பட்டறை. பட்டறை இருந்ததால் பம்பு. பம்பு மறுபடியும் கிணற்றுக்கே போயிற்று. ஒரு வட்டம்.

மில் கட்டிய வகுப்பறைகள்

இந்த வட்டத்துக்குள் கல்லூரிகள் எப்படி வந்தன? 1926-ல் பி.எஸ்.ஜி. குடும்பத்தின் நான்கு சகோதரர்கள் சொத்தைப் பிரிக்கும்போது நான்கு பங்காக இல்லாமல் ஐந்து பங்காகப் பிரித்து, ஐந்தாவதைத் தர்மத்துக்கு எழுதிவைத்தார்கள். அந்த அறக்கட்டளையில் இருந்து பள்ளியும் தொழிற்கூடமும் வந்தன, 1951-ல் பொறியியல் கல்லூரியும் வந்தது. 1945-ல் ஆர்தர் ஹோப் பெயரில் தொடங்கிய கல்லூரிதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. அதற்கு உதவிய ஜி.டி.நாயுடு, பொறியியல் படிப்புக்கு நான்கு வருடம் என்பது வீண், இரண்டே வருடம் போதும் என்று வாதாடி, அரசு ஒப்புக்கொள்ளாததால் விலகிக்கொண்டார். ஐந்தாவது வருடமும் அரியர் எழுதிய நம் நண்பர்கள் சிலர் இந்தச் செய்தியைப் பெருமூச்சோடு படிப்பார்கள். 1956-ல் கோயமுத்தூர் இன்ஸ்டிட்யூட் ஆப் டெக்னாலஜி. அதே வருடம் பஞ்சாலைகளின் ஆராய்ச்சி நிலையமான சிட்ரா. 1952-ல் பம்பு, மோட்டார் உற்பத்தியாளர்களின் சங்கமான சீமா. 1969-ல் சிறுதொழில்களுக்கான கொடிசியா.

காலத்தால் நம் கல்லூரி இவர்களுக்குத் தம்பி. ஆனால் காரணம் ஒன்றுதான். நம் கிரவுண்டு இருக்கும் இடம் ஒரு காலத்தில் பருத்திக் காடாக இருந்தது என்று பழைய வாட்ச்மேன் தாத்தா சொல்வார், ஞாபகம் இருக்கிறதா?

பொருளாதாரப் புவியியல் என்று ஒரு துறை இருப்பது எனக்குப் படிக்கும் காலத்தில் தெரியாது. வேலைக்குப் போன பிறகுதான் ஆல்பிரட் மார்ஷல் என்ற ஆங்கிலப் பொருளாதார அறிஞரைப் பற்றிப் படித்தேன். 1890-ல் வந்த புத்தகத்தில் அவர் ஒரு விஷயத்தைப் பேசுகிறார். ஒரே தொழிலைச் செய்கிறவர்கள் ஒரே ஊரில் கூடினால், தொழில் நுணுக்கம் யாருடைய தனிச் சொத்தாகவும் இருப்பதில்லை. ஊருக்கே பொதுவாகிப்போய், குழந்தைகள்கூடத் தெரியாமலே அதைக் கற்றுக்கொள்கிறார்கள் என்பது அவர் கருத்து. படித்தபோது எனக்குக் கணபதி, பீளமேடு, ஆவாரம்பாளையம் சந்துகள்தான் கண்ணில் வந்தன. ஒரு தெருவில் பேட்டர்ன் செய்கிறவர், அடுத்த தெருவில் வார்ப்பு, அதற்கடுத்து லேத், பிறகு வைண்டிங், கடைசியில் பெயிண்ட், பேக்கிங். முழுப் பம்பை ஒரே கூரைக்குள் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. மூலதனம் குறைவாக இருந்தவரும் ஒரு லேத்தோடு தொழிலில் இறங்க முடிந்தது. ஒரு பட்டறையில் வேலை கற்றவர் நாலு வருடத்தில் தனியாகப் பட்டறை போடுவார்; பழைய முதலாளியே முதல் ஆர்டர் கொடுப்பார். மோனோபிளாக் பம்பு, குறைந்த வோல்டேஜிலும் எரியாத வைண்டிங், போர்வெல்லுக்குள் இறங்கும் சப்மெர்சிபிள் என்று எல்லாமே இப்படிக் கைமாறிக் கைமாறி மெருகேறின. வெட் கிரைண்டரும் இதே வழியில் வந்ததுதான். கோயமுத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. மோட்டார் செய்யும் கையும் ஊத்துக்குளிக் கல்லும் ஒரே வட்டாரத்தில் இருந்ததன் பலன், நம் வீட்டு இட்லி மாவு.

அப்பா மில்லின் சங்கு

இவ்வளவு நேரம் ஏற்றத்தைச் சொன்னேன். இறக்கத்தையும் சொல்ல வேண்டும். 1974-ல் நலிந்த பஞ்சாலைகளை மத்திய அரசு ஏற்று தேசிய பஞ்சாலைக் கழகத்தில் சேர்த்தது. ஸ்டேன்ஸ் மில்லும் கம்போடியா மில்லும் அந்தக் கணக்கில் வந்தன. தனியார் மில்கள் பலவும் பிறகு ஒவ்வொன்றாக நின்றன. நூற்புத் தொழில் அழிந்துவிடவில்லை. பல்லடம், உடுமலை, திண்டுக்கல் பக்கம் கிராமங்களுக்கு நகர்ந்தது. நிரந்தரத் தொழிலாளிகள் இருந்த இடத்தில் விடுதியில் தங்கவைக்கப்பட்ட இளம் பெண்கள் வந்தார்கள். அதைப் பற்றி வந்த குற்றச்சாட்டுகளையும் நாம் அறிவோம். தேசிய பஞ்சாலைக் கழகத்தில் மிச்சமிருந்த மில்களும் 2020 மார்ச் ஊரடங்கோடு நின்றுபோயின. லட்சுமி மில்ஸ் வளாகத்தில் 2023-ல் ஹைப்பர் மார்க்கெட் திறந்தது. அங்கே போய் மளிகை வாங்கிக்கொண்டு நானும்தான் வருகிறேன்.

எங்கள் அப்பா நகரத்துக்குக் கிழக்கே ஒரு மில்லில் ஸ்பின்னிங்கில் வேலை பார்த்தார். அரை நைட், முழு நைட் என்று மாறி மாறிப் போவார். எங்கள் வீட்டில் கடிகாரத்தைவிட மில் சங்குக்குத்தான் மதிப்பு. 1999-ல் ஒரு திங்கட்கிழமை கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். எனக்கு அப்போது பத்து வயது. சங்கு ஊதவில்லை, நான் ஸ்கூலுக்கு லேட். செட்டில்மென்ட் பணம் கைக்கு வர எட்டு வருடம் ஆனது. நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் அது. என் முதல் வருட பீஸ் அந்தப் பணம்தான்.

நடுவில் அந்த எட்டு வருடம் எப்படி ஓடியது என்பதுதான் முக்கியம். அப்பா தனது 42-ஆவது வயதில் கணபதியில் ஒரு மோட்டார் வைண்டிங் பட்டறைக்குப் போய், தன் மகன் வயதுப் பையன்களிடம் காயில் சுற்றக் கற்றுக்கொண்டார். நூலைப் பிடித்துப் பழகிய விரல், தாமிரக் கம்பியைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டது. "ரெண்டும் ஒண்ணுதாண்டா. இழுப்பு ஜாஸ்தியானா அறும், கம்மியானா சிக்கும்" என்பார். ஒரு தொழில் சாய்ந்தபோது பக்கத்துத் தொழில் தோள் கொடுத்தது. ஒரே மில்லை மட்டும் நம்பிய ஊராக இருந்திருந்தால் நாங்கள் ஊரைவிட்டே போயிருப்போம். பல தொழில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருப்பதன் அர்த்தம் எனக்குப் புத்தகத்தில் தெரிந்ததைவிட, அப்பாவின் விரலில் அதிகம் தெரிந்தது.

ஒரு ஒப்புதல்

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் அணி நண்பர்கள் சிலருக்கு ஏற்கெனவே தெரியும். எங்கள் இறுதியாண்டு புராஜெக்டை நாங்கள் செய்யவில்லை. காந்திபுரத்தில் ஒரு கடையில் 8,000 ரூபாய்க்கு வாங்கினோம். நான்கு பேர், தலைக்கு 2,000. தலைப்பு: சூரிய சக்தியில் இயங்கும் தண்ணீர்ப் பம்பு. பம்புக்குப் பேர்போன ஊரில், மோட்டார் வைண்டிங் செய்யும் ஒருவரின் மகன், பம்பு புராஜெக்டை ரெடிமேடாக வாங்கினான்! அப்பாவிடம் அந்த 2,000 ரூபாயை எதற்கு என்று சொல்லி வாங்கினேன் என்பதை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பெங்களூரில் நாலு வருடம் சாப்ட்வேர் வேலை. 2015-ல் ஊர் திரும்பி, ஒரு நண்பரோடு சேர்ந்து சின்னதாகப் பம்பு யூனிட் ஆரம்பித்தேன். இப்போது 14 பேர் இருக்கிறோம். முதன்முதலாக ஒரு சப்மெர்சிபிள் இம்பெல்லரைக் கம்ப்யூட்டரில் நானே டிசைன் செய்தேன். கணக்குப்படி பம்பின் செயல்திறன் 62 சதவீதம். டெஸ்ட் பெட்டில் வந்தது 51. மூன்று வாரம் டிசைனைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். ஐந்து பம்பும் பத்து ராத்திரித் தூக்கமும் போனதுதான் மிச்சம்.

கடைசியில் எங்களுக்கு வார்த்துக்கொடுக்கும் பவுண்டரியில் இருந்து வயதான மோல்டர் ஒருவர் பில் வாங்க வந்தார். மேஜை மேல் கிடந்த இம்பெல்லரை எடுத்துக் கட்டைவிரலை உள்ளே விட்டுத் தடவினார். "தம்பி, கோர் நகுந்து போயிருக்குதுங்க. ஒரு பக்கம் வழி அகலம், ஒரு பக்கம் ஒடுக்கம். உள்ளயும் சொரசொரன்னு கெடக்குது. தண்ணி எப்படிங்க போகும்?" என்றார். அறுத்துப் பார்த்தோம். அவர் சொன்னபடியே இருந்தது. கோர் உட்காரும் இடத்தைப் பேட்டர்னில் மாற்றி, மணலையும் மாற்றி வார்த்தபோது 59 வந்தது. என் டிகிரிக்குத் தெரியாத 8 சதவீதம் அந்தக் கட்டைவிரலில் இருந்தது.

"இதை யாருக்காவது சொல்லிக் குடுத்திருக்கீங்களாண்ணா?" என்று கேட்டேன். "எம் பையன் டைடல் பார்க்ல வேலைங்க. இப்பக் கத்துக்கறது ஒடிசாப் பையன் ரெண்டு பேருதான். நல்லாப் புடிச்சுக்கறானுக" என்றார். எனக்கு அதில் வருத்தம் இல்லை. எங்கள் அப்பா 42 வயதில் கற்றதுபோல, அந்தப் பையன்கள் ஆயிரம் மைல் தாண்டி வந்து கற்கிறார்கள். தொழில் யாருடைய கைக்கும் போகலாம். யாருடைய கைக்கும் போகாமல் நின்றுவிடுவதுதான் ஆபத்து.

வட்டம் முறிகிற இடம்

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அதை நம் தொழில்காரர்கள் மேடையில் அதிகம் பேசுவதில்லை. மின்கட்டண உயர்வை எதிர்த்து 1972-ல் விவசாயிகள் மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து கோவை நகரத்தையே நிறுத்தினார்கள். அந்தக் காலத்துப் போராட்டங்களில் துப்பாக்கிச் சூடும் உயிர்ப்பலியும் நடந்தன. பின்னால் 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசம் ஆயிற்று. நியாயமான கோரிக்கையின் பலன்தான். ஆனால் கரண்ட் பில் இல்லை என்றால் பம்பின் செயல்திறனை யார் கேட்பார்கள்? விலை குறைவா, வோல்டேஜ் குறைந்தால் எரியாமல் இருக்குமா, அவ்வளவுதான் கேள்வி. நாங்களும் அந்தக் கேள்விக்கு மட்டுமே பதில் செய்து பழகிவிட்டோம். இன்று தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேல் விவசாய மின் இணைப்புகள். அப்புச்சியின் 50 அடிக் கிணறு 1980-களில் வற்றியது. 300 அடியில் போர் போட்டார். என் மாமா 900 அடிக்குப் போனார். போன வருடம் அவர் போட்ட 1,100 அடி போரில் புழுதிதான் வந்தது. அந்தப் போருக்கென்று நான் எடுத்துவைத்திருந்த பம்பு இன்னமும் எங்கள் யூனிட்டில் பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது.

தண்ணீர் இல்லாததால் பிறந்த தொழில், இருந்த தண்ணீரையும் மேலே ஏற்றிக் காலி செய்துவிட்டதா என்ற கேள்வி எனக்கு வருகிறது. பம்பு செய்கிறவன் என்ற முறையில் இந்தக் கேள்வியை நான் தட்டிக்கழிக்க முடியாது. இன்னும் ஆழத்துக்கு இறங்கும் பம்பு இதற்குப் பதில் ஆகாது. குறைந்த தண்ணீரில், குறைந்த கரண்டில் விளைய வைக்கிற வழியைச் செய்வதுதான் அடுத்த தொழில். ராஜ்கோட்டும் ஆமதாபாத்தும் நமக்குப் போட்டியாக மலிவான பம்புகளை அனுப்பிக்கொண்டிருக்கின்றன. விலையில் அவர்களை ஜெயிப்பது கஷ்டம். யோசனையில் ஜெயிக்கலாம்.

1994-ல் அன்னாலீ சாக்சீனியன் என்ற அமெரிக்க ஆய்வாளர் கலிபோர்னியாவின் சிலிக்கான் பள்ளத்தாக்கையும் பாஸ்டன் பக்கத்து ரூட் 128 வட்டாரத்தையும் ஒப்பிட்டுப் புத்தகம் எழுதினார். இரண்டு இடத்திலும் நல்ல பல்கலைக்கழகம், பணம், மூளை எல்லாம் இருந்தன. ஆனால் கம்பெனிகள் கதவைத் திறந்துவைத்து ஒருவரோடொருவர் பேசிக்கொண்ட ஊர் மாறும் காலத்தைத் தாங்கியது. கதவைச் சாத்திக்கொண்ட ஊர் தடுமாறியது. இது நம் கணபதி சந்துக்குப் புதிய பாடம் இல்லை. ஆனால் நம் கல்லூரிக்கும் கணபதிக்கும் நடுவில் அந்தக் கதவு எப்போது சாத்திக்கொண்டது என்று எனக்குத் தெரியவில்லை. மில்லும் பட்டறையும் சேர்ந்து உண்டாக்கிய வகுப்பறையில் இருந்துகொண்டு, நாலு கிலோமீட்டரில் இருக்கும் பட்டறையை ஒருநாளும் எட்டிப்பார்க்காமல் நான் டிகிரி வாங்கினேன்.

ஒரு வேண்டுகோள்

நம் மெக்கானிக்கல் லேபில் பம்பு டெஸ்ட் பெட் ஒன்று இருக்கிறது. சனிக்கிழமைகளில் சும்மா கிடக்கிறது. சின்ன யூனிட்காரர்கள் பலருக்குச் சொந்த டெஸ்ட் பெட் கிடையாது. மாதம் ஒரு சனிக்கிழமை அதை அவர்களுக்குத் திறந்துவிடலாம். ஓட்டுவதும் ரீடிங் எடுப்பதும் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் செய்யட்டும். மோல்டர், லேத்காரர், வைண்டிங்காரர் என்று ஒவ்வொரு முறையும் ஒருவரை அழைத்து, நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசச் சொல்லலாம். அங்கே வரும் ஒவ்வொரு கோளாறும் ஒரு இறுதியாண்டு புராஜெக்ட். காந்திபுரம் கடைக்குப் போக வேண்டியதில்லை.

துறைத் தலைவரிடம் பேசிவிட்டேன். சாவி தருவதாகச் சொன்னார்; கரண்ட், பைப், மீட்டர் சரிபார்ப்புச் செலவுக்குத்தான் யோசித்தார். முதல் வருடச் செலவில் என் பங்காக 8,000 ரூபாய் தருகிறேன். என்ன கணக்கு என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். மீதியை நம் சங்கம் பார்த்துக்கொள்ளும் என்று நம்புகிறேன்.

சந்திப்பு அன்று மதிய சாப்பாட்டுக்குப் பிறகு லேப் வாசலில் இருப்பேன். ஒடுக்கமும் அகலமுமாக வார்த்த அந்தப் பழைய இம்பெல்லரைக் கொண்டுவருகிறேன். கட்டைவிரலை உள்ளே விட்டுப் பாருங்கள். அந்த மோல்டர் அண்ணாவையும் கூப்பிட்டிருக்கிறேன். "காலேஜுக்கா? எனக்கு அங்க என்னங்க வேலை?" என்று கேட்டார். வந்து சொல்கிறோம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.